இடது பக்கம் நான்கு விரற்கடை

9-1-1972, ஞாயிறு

இன்றைக்கும் இடது பக்கம்தான்.

நான் காவல் வேலை பார்க்கும் கம்பித் தொழிற்சாலைக்குப் பின்னால், மண்ணெடுத்துக் கைவிட்ட செங்கல் சூளைக் குழியில் நின்று சுட்டேன். பதினைந்து தப்படி தூரம். கையை நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல், ஆறு தோட்டா. கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றுகூட விழவில்லை. ஆறும் வட்டத்துக்கு இடப்புறம், மேலும் கீழுமாக இறைந்து கிடந்தன. பதினோரு வருஷம் மிலிட்டரி போலீஸில் இருந்தவன் நான். இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் டியூட்டிக்குப் போன நாள் குறைவு. இப்படி ஒருநாளும் சுட்டதில்லை.

கூட வந்த யேசுதாஸ் அண்ணன் சிரித்தார். "இன்னாடா ஆதி, திருடன் வலது பக்கமா வந்தா பொழச்சான் போல" என்றார்.

போன நவம்பரில் செம்புக் கம்பி திருட வந்தவர்கள் எங்கள் காவல்காரன் ஒருவனின் தோளை வெட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கம்பெனி வாங்கிய ரிவால்வர் இது. மெட்ராசுக்குப் போய்ப் பார்த்து வாங்கி வந்தவர் தொழிற்சாலையின் காவல் அதிகாரியான யேசுதாஸ் அண்ணன். லைசென்ஸில் கம்பெனி பெயருக்குக் கீழே, இதை எடுத்துச் சுடலாம் என்று எழுதியிருப்பது என் பெயரை: ஆதிகேசவன், ஆரம்பாக்கம்.

வலது கைக்காரன் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடப்பக்கம்தான் போகும். பட்டாளத்தில் முதல் வாரமே சொல்லித் தருவது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

10-1-1972

காலையில் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபது எண்ணும்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை.

என் மனைவி செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா, காலங்காத்தால அந்த டம்ளர் இன்னா தப்பு பண்ணிச்சி?" என்றாள்.

முப்பத்தெட்டு வயதில் கை போய்விடுமா?

12-1-1972

கண்டுபிடித்துவிட்டேன்.

டியூட்டி முடிந்ததும் மறுபடி குழிக்குப் போனேன். யேசுதாஸ் அண்ணனையும் கூப்பிட்டேன். கம்பி சுற்றும் பிரிவில் வேலை செய்யும் சின்னராசு, எங்கள் தெருக்காரன், ஷிப்ட் முடிந்து போகிறவன், நின்று உதவி செய்தான். காலியான மர உருளை ஒன்றை உருட்டி வந்து கவிழ்த்துப் போட்டான். அரிசி மூட்டைச் சாக்கில் முக்கால் அளவு மணலை அள்ளிக் கட்டி உருளைமேல் வைத்தோம். நான் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டையும் மூட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். துப்பாக்கியின் இரும்பு மூட்டையில் படக் கூடாது. பட்டால் துள்ளும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். கை மட்டும்தான் மணலில் உட்கார வேண்டும்.

இப்படிச் சுட்டால் கையின் ஆட்டம் செத்துப்போகும். மிச்சம் இருப்பது துப்பாக்கியின் குணம் மட்டுமே.

ஐந்து தோட்டா. காகிதத்தின் பக்கம் போய்ப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து ஓட்டையையும் ஒரு டம்ளர் வாயால் மூடிவிடலாம். அவ்வளவு நெருக்கம். ஆனால் அந்தக் கூட்டம் முழுவதும் கறுப்பு வட்டத்தின் நடுவிலிருந்து சரியாக நான்கு விரற்கடை இடது பக்கம்.

கை தப்பாக இருந்தால் இறைந்திருக்கும். ஒரே இடத்தில் கூடி, அந்த இடமே தள்ளி இருந்தால் அது துப்பாக்கியின் தப்பு. குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் சின்னத் தகடு கோணலாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

யேசுதாஸ் அண்ணன் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மூட்டெ மேல வெச்சி சுட்டா ஒரு மாதிரி போவும், கையில சுட்டா ஒரு மாதிரி போவும். இத்த வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுடா" என்றார்.

"அப்ப நீங்க சுட்டுப் பாருங்கண்ணே. நாலு தோட்டா."

"தோட்டா இன்னா மரத்துலயா காய்க்குது?"

சின்னராசுதான் திரும்பி வரும்போது, "ஒரே எடத்துல அஞ்சா! இன்னா கைண்ணே உனுக்கு!" என்றான். எனக்கு அது போதும்.

13-1-1972

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மேற்படி ரிவால்வரைத் தாங்கல் வைத்தும் வைக்காமலும் சுட்டுப் பார்த்ததில், பதினைந்து தப்படி தூரத்தில் குண்டு நான்கு விரற்கடை இடப்புறம் செல்கிறது. குறி பார்க்கும் தகட்டைச் சரிசெய்யும்வரை இதைப் பயன்படுத்துவது ஆபத்து.' கீழே கையெழுத்து. சுட்ட காகிதத்தையும் சேர்த்து ஊசி குத்தினேன்.

மானேஜரிடம் கொண்டுபோகக் கிளம்பியவனை யேசுதாஸ் அண்ணன் தடுத்தார். "குட்றா இங்க. நேரா மேல போனா என் மானம் இன்னா ஆவறது? வாங்கியாந்தவன் நான். நான் பாத்துக்கறேன்."

கொடுத்தேன். இந்த வேலையே அவர் வாங்கித் தந்தது. பட்டாளத்தில் ஒன்றாக இருந்தோம். ஜம்முவில் நான் நிமோனியா வந்து கிடந்தபோது, டியூட்டி முடித்து வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் பார்த்துக்கொள்வார்.

15-1-1972

பொங்கல். அரை நாள் லீவு.

18-1-1972

யேசுதாஸ் அண்ணன் ரிவால்வரை மெட்ராசுக்கு எடுத்துப் போயிருக்கிறார். லைசென்ஸ் புத்தகத்தில் ஏதோ பதிய வேண்டுமாம். அப்படியே சரிசெய்துகொண்டு வருவார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

24-1-1972

வந்துவிட்டது. ஆசையாகக் கேட்டேன், "சரி பண்ணாங்களாண்ணே?"

"இன்னாத்த சரி பண்றது? எண்ணெ போட்டு தொடச்சிக் குட்த்தாங்க. துப்பாக்கில ஒண்ணும் இல்ல. உன் கைதான்டா."

ஒருதரம் சுட்டுப் பார்க்கிறேன் என்றேன். இந்த வருஷத் தோட்டாவில் பாதி காலி, இனிமேல் ஏப்ரலில்தான் என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் வாதாடிப் பலனில்லை. நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். சுடவேண்டி வந்தால் தள்ளிப் பிடிக்க வேண்டும். பதினைந்து தப்படிக்கு வலப்புறம் நான்கு விரல். இருபத்தைந்து தப்படியென்றால் ஏழு விரல். மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

3-2-1972

ஐயோ சின்னராசு.

4-2-1972

எழுத வேண்டும். நாளை யார் யாரோ கேட்பார்கள். நடந்தது மாறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று மதியம் பன்னிரண்டரை. கேண்டீன் வாசலில் சாப்பாட்டுக்கு ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். லாரி வருவதற்காகத் திறந்த கேட் வழியாக ஒரு நாய் உள்ளே வந்துவிட்டது. வாயில் நுரை. தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி கிளீனரின் கணுக்காலைக் கவ்விவிட்டு நேராக வரிசையை நோக்கி வந்தது. கூட்டம் சிதறியது. சட்டி, தட்டு, கூச்சல். நாய் நடு முற்றத்தில் நின்றுகொண்டு யார்மேல் பாய்வது என்று பார்ப்பதுபோல் திரும்பியது.

"சுட்றா ஆதி! சுட்றா!" யேசுதாஸ் அண்ணன் ஆபீஸ் படியிலிருந்து கத்தினார்.

பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் சுவர் இருந்தது. அங்கே ஓடிப்போய்க் கையைத் தாங்கலாக வைத்துச் சுட்டிருக்கலாம். பத்துத் தப்படி தூரம். அதற்குள் நாய் பாய்ந்துவிடும் என்று தோன்றியது. நின்ற இடத்திலேயே கையை நீட்டினேன். இருபத்தைந்து தப்படி. ஏழு விரல் வலது பக்கம். நாயின் மார்பிலிருந்து ஏழு விரல் தள்ளி, வெறும் காற்றைக் குறிவைத்து, மெதுவாக அழுத்தினேன். கை ஆடவில்லை. சத்தியமாக ஆடவில்லை.

குண்டு நாயின் மேல் படவே இல்லை. அதன் வலப்பக்கம், நான் எதைக் குறி வைத்தேனோ அதே காற்று வழியாகப் போய், பின்னால் இருந்த சிமெண்டு விளிம்பில் பட்டுத் தெறித்தது. கம்பி உருளைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற சின்னராசு, "அம்மா" என்று உட்கார்ந்தான்.

முழங்கால். எலும்பு தெரிந்தது. என் சட்டையைக் கழற்றிக் கட்டினேன். அவன் என்னைப் பார்த்து, "நாய் செத்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

நாய் கேட் வழியாக ஓடிவிட்டது. ரோட்டில் யாரோ அடித்துக் கொன்றார்களாம்.

6-2-1972

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சின்னராசுவின் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். போனேன். அவன் தாய் குப்பம்மாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

8-2-1972

இன்று விசாரணை. மானேஜர், போலீஸ் சப் இன்ஸ்பெக்டர், யேசுதாஸ் அண்ணன், நான்.

நான் சொன்னேன்: துப்பாக்கி இடப்பக்கம் அடிக்கும், அதனால்தான் தள்ளிப் பிடித்தேன், ஏன் நேராகப் போனதென்று எனக்குப் புரியவில்லை.

மானேஜர் யேசுதாஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சுட்டுப் பாத்துடலாம் சார்" என்றார்.

அதே குழி. அதே மர உருளை, அதே மணல் மூட்டை. யேசுதாஸ் அண்ணன் உட்கார்ந்து நிதானமாகச் சுட்டார். ஆறு தோட்டா. ஆறும் கறுப்பு வட்டத்துக்குள். நடுவில்.

பிறகு ஆபீஸில் ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார். என் காகிதம். ஜனவரி பதின்மூன்றாம் தேதி நான் எழுதிக் கொடுத்தது. அதோடு ஊசி குத்தியிருந்த, ஐந்து ஓட்டை விழுந்த காகிதம் மட்டும் இல்லை. "பாருங்க சார், இவனே எழுதியிருக்கான். இவன் கையில போனா எல்லாம் இடது பக்கம். துப்பாக்கில கொற இல்லன்னு இப்ப நீங்களே பாத்தீங்க. இவனுக்கு விசை இழுக்கறப்ப கை உதறுது. ஒரு மாசமா எனக்குத் தெரியும். பட்டாளத்து ஆளாச்சேன்னு பாவம் பாத்தேன். என் தப்புதான்."

என் தப்புதான் என்று அவர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. மானேஜர் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அஜாக்கிரதையாகச் சுட்டுக் கொடுங்காயம் விளைவித்ததாகக் கேஸ்.

10-2-1972

ஆறும் நடுவில். நான் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் தப்பு என் கையில்தான்.

29-2-1972

கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்று செல்லியம்மாள் சொல்கிறாள். இருக்கலாம். சோறு பிசையும்போது, பொத்தான் போடும்போது, இந்த விரல்தானே என்று பார்க்கிறேன். அன்றைக்கு அந்த ஐந்து ஓட்டை? தாங்கல் வைத்தும் கை உதறுமா? உதறினாலும் ஐந்து தடவையும் அதே அளவு, அதே பக்கம் உதறுமா?

"உனுக்கு ஒண்ணும் நடுங்கலய்யா. நான் பாத்துகினுதான இருக்கேன்" என்றாள். "அந்தாளு இன்னாவோ பண்ணிக்கிறான்."

அவளைக் கோபித்துக்கொண்டேன். யாரைப் பற்றி என்ன பேச்சு இது.

20-3-1972

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல் எண்ணி லாரியில் ஏற்றுகிற வேலை. சின்னராசுவை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் வீட்டைத் தாண்டித்தான் நான் போகவேண்டும். தாண்டும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஏன் என்று தெரியவில்லை. ஏறிப் போக முடியவில்லை.

17-5-1972

நெடுநாளாக மனதில் இருந்த கேள்வியை யாரிடமாவது கேட்டுவிடுவது என்று இன்று மெட்ராசுக்குப் போனேன். ரிவால்வர் வந்த பெட்டியின் மூடியில் கடை பெயர் ஒட்டியிருந்தது நினைவிருந்தது. மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே போகும் சந்தில் சின்னக் கடை. ரிப்பேர் பார்க்கும் சுப்பிரமணி என்பவர் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இன்னா வேணும்?" என்றார்.

"ஒரு சந்தேகம். மூட்டையில கையத் தாங்கி வெச்சி சுடறப்ப அஞ்சு குண்டும் ஒரே எடத்துல, ஆனா குறிக்குத் தள்ளிப் போச்சின்னா, அது கையா துப்பாக்கியா?"

"துப்பாக்கிதான். இத்த கேக்கவா வந்தே?"

எந்தத் துப்பாக்கி என்றார். கும்மிடிப்பூண்டி பக்கம் செம்புக் கம்பித் தொழிற்சாலை என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அட, அந்தப் பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வரா? அத்த நான்தான சரி பண்ணிக் குட்த்தேன்."

எப்போது என்று கேட்டேன். அவர் வேலைப் புத்தகத்தைப் புரட்டினார். ஜனவரி இருபது. முன்பக்கக் குறித் தகட்டை நிமிர்த்தி அராவியது. வாங்கிப் போனவர் கையெழுத்து: யேசுதாஸ். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"கூடவே ஒரு பேப்பர் கொண்டாந்தார். யாரோ மூட்டெ வெச்சி சுட்டது. அஞ்சு ஓட்டெ, ஜோரா. அத்த பாத்தே அளவு எடுத்துட்டேன், நான் சுட்டே பாக்கல. யாருங்க சுட்டதுன்னு கேட்டேன். எங்கிட்ட ஒருத்தன் இருக்கான், அவன் கை கல்லு மாதிரி, அவன் தப்புன்னு சொன்னா துப்பாக்கி தப்புதான்னு சொன்னாரு."

கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

18-5-1972

நம்பியிருக்கிறார். அதுதான். அதுதான் தாங்க முடியவில்லை. என்னை நம்பாமல் செய்திருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். என் காகிதத்தை வைத்தே சரி செய்திருக்கிறார். என் கை கல்லு மாதிரி என்று முகம் தெரியாதவனிடம் சொல்லியிருக்கிறார். எங்கிட்ட வந்து உன் கைதான்டா தப்புன்னு சொல்லிட்டாரே. ஒரு வார்த்தெ. சரி பண்ணியாச்சிடா ஆதின்னு ஒரு வார்த்தெ. அத்த சொல்லியிருந்தா நேரா புடிச்சிருப்பேனே. நாய்தானே செத்திருக்கும். அந்தப் புள்ள ரெண்டு காலோட இருந்திருப்பானே.

மூன்று மாசம் என் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தேனே.

21-5-1972, ஞாயிறு

எளாவூரில் யேசுதாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து வந்து வெள்ளை வேட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாடா, நாஷ்டா சாப்டியா?" என்றார். மூன்று மாசத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"சுப்பிரமணியப் பாத்தேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் எந்தச் சுப்பிரமணி என்பதுபோல் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மனைவியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வாங்கறப்ப நான் சுட்டுப் பாக்கலடா. சுட்டுப் பாத்துதான் வாங்கனேன்னு மானேஜராண்ட சொல்லியிருந்தேன். ரிப்பேருக்குப் போச்சின்னு தெரிஞ்சா இன்னா ஆவறது? அதான் கம்முனு சரி பண்ணிகினு வந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்ட சொன்னா நீ நேர்மையா எழுதி வெப்ப. நீ அப்படிப்பட்டவன்." பிறகு, "நீ தள்ளிப் புடிப்பேன்னு எனக்கு எப்படிடா தெரியும்? அத்த நீ எங்கிட்ட சொன்னியா?" என்றார்.

அது உண்மைதான். நான் சொல்லவில்லை.

"சரி, அது தெரியாம நடந்ததுன்னு வெச்சிக்கலாம். அப்பறம் மேஜமேல என் காயிதத்த வெச்சீங்களே. அது?"

வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "உனுக்கு ஃபைனோட போயிடும். நான் பணம் கட்டிடறேன். எனக்கு வேலெ போச்சின்னா இந்த வயசுல எங்க போவேன்?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஜம்முவில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். இரண்டும் ஒரே ஆள். அதை எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது?

22-5-1972

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுப்பிரமணியைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றார்.

12-9-1972

பொன்னேரி கோர்ட். சுப்பிரமணி புத்தகத்தோடு வந்து உள்ளதைச் சொன்னார்.

யேசுதாஸைக் கூண்டில் ஏற்றினார்கள். இனி அண்ணன் என்று எழுதப் போவதில்லை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ரிவால்வரைச் சரிசெய்தது உண்மையா? உண்மை. அதை எதிரியான ஆதிகேசவனிடம் சொன்னீர்களா?

நான் அவர் கண்ணையே பார்த்தேன்.

"சொன்னேன். அன்னிக்கே சொன்னேன். மறந்திருப்பான்."

சிரமப்படாமல் சொன்னார். தண்ணீர் குடிப்பதுபோல. விசாரணையில் உடைந்த குரல்கூட இப்போது இல்லை.

அடுத்து சின்னராசு. இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தான். காயம்பட்டவன் என்ற முறையில் அரசுத் தரப்பு கூப்பிட்டது. நாய் வந்தது, சத்தம் கேட்டது, விழுந்தது என்று சொன்னான். போகலாம் என்றார்கள். அவன் போகவில்லை.

"ஐயா, இன்னொண்ணு சொல்லணும். நான் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப யேசுதாஸ் சார் வந்தாரு. ஆதிகேசவன் கை நடுங்கிச்சின்னு சொல்லு, கேட்டாண்ட உக்கார்ற வேலெ வாங்கித் தரேன்னாரு. நான் எதிர்லதான் நின்னுகினு இருந்தேன். அந்தக் கைய நேரா பாத்தவன் நான். நடுங்கல. இவரு மேல எனக்குக் கோவம் இருக்குது. அது எப்பவும் போவாது. ஆனா நடுங்கினது பொய்."

யேசுதாஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

28-9-1972

விடுதலை என்று தீர்ப்பு. செல்லியம்மாள் கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

திரும்பும்போது கூடூர் பாசஞ்சரில் அதே பெட்டியில் யேசுதாஸ் ஏறினார். இடம் இல்லாமல் எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர். முழங்கால் இடிக்கிற தூரம். எளாவூரில் இறங்கும்போது, "வரேன்" என்பதுபோல் உதடு அசைந்தது. பழக்கதோஷம். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

1-10-1972

தீர்ப்பு வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். கோர்ட்டில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது.

இன்று சின்னராசு வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை குப்பம்மாள் என்னைப் பார்த்து எழுந்து போகவில்லை. அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"சுடறதுக்கு முன்னால நாய்க்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு பாக்கணும். அது மொதல் பாடம்" என்றேன். "பாத்தேன். உருளைக்குப் பின்னால உன் தலை தெரிஞ்சுது. தெரிஞ்சும் சுட்டேன். என் கணக்கு தப்பாதுன்னு நெனச்சேன்."

அவன் கட்டிலின் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தான்.

"கோர்ட்ல ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"யேசுதாஸும் அதான சொல்லுவாரு. யாரும் கேக்கலன்னு."

அடித்ததுபோல் இருந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவனும் போ என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை ஒன்று கோபமாக அழுதுகொண்டிருந்தது. கடைசியில் அவன்தான் பேசினான்.

"நாளைலருந்து கம்பெனில வரச் சொல்லிக்கிறாங்க. கேட்டுல பேர் எழுதற வேலெ. மானேஜரே கூப்ட்டு குட்த்தாரு. ரயிலடிக்கு அவ்ளோ தூரம் கட்டையில போவ முடியாது. காலீல ஆறரைக்கு சைக்கிள எடுத்துகினு வா."

2-10-1972

காந்தி ஜயந்தி. கம்பெனி லீவு என்று இருவருக்குமே நினைவில்லை. ரயிலடிவரை போய்த் திரும்பினோம்.

14-11-1972

யேசுதாஸ் வேலையை விட்டுவிட்டாராம். விட வைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் சேர்ந்திருக்கிறார். என்னைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லி மானேஜர் ஆள் அனுப்பினார். சூளையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

6-2-1973

அது நடந்து நேற்றோடு ஒரு வருஷமும் இரண்டு நாளும். சின்னராசு இன்று சைக்கிள் பின்சீட்டிலிருந்து, "அந்தப் பள்ளத்துல மெதுவா போ" என்றான். நாலு மாசத்தில் அவனாக வழியில் பேசியது இதுதான்.

19-5-1973

தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை. யேசுதாஸின் மூத்த மகள் எஸ்தருக்கு எளாவூர் சர்ச்சில். மேலே மையால் எழுதியிருந்தார்: 'ஆதி, குடும்பத்துடன் அவசியம் வர வேண்டும்.' வேறு ஒன்றும் இல்லை. கவருக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இல்லை.

செல்லியம்மாள் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். "போவப் போறியா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் அதை அடுப்பில் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அலமாரியில் வைத்தாள்.

30-5-1973

இன்று கல்யாணம். காலையில் நல்ல சட்டையை எடுத்தேன். மடித்து வைத்துவிட்டு வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

சின்னராசுவை ரயிலடிக்குக் கூட்டிப் போனேன். பிளாட்பாரத்தில் எளாவூருக்குப் போகிற கல்யாணக் கூட்டம், பூவும் பட்டுமாக நாலைந்து குடும்பம். தெரிந்தவர் ஒருவர், "இன்னா ஆதிகேசவன், கௌம்பலயா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

"இன்னிக்கு அவரு ஊட்ல கல்யாணம் இல்ல?" என்றான் சின்னராசு.

"ஆமா."

"எனுக்கும் பத்திரிகெ வந்துச்சி."

அது எனக்குத் தெரியாது. "போறியா?" என்று கேட்டேன்.

"டூட்டி இருக்குதே" என்றான். பிறகு, "டூட்டி இல்லன்னாலும் போவ மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு நல்லாருக்கட்டும்" என்றான்.

வண்டி வந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கட்டைகளை மேலே கொடுத்தேன். வாசலோரம் இருந்தவர்கள் அவனுக்கு இடம் விட்டார்கள். எனக்கும் இடம் இருந்தது. எளாவூர் ஒரே ஒரு ஸ்டேஷன்.

வண்டி நகர்ந்து சிக்னலைத் தாண்டும்வரை நின்றேன். எட்டு மணிக்குச் சூளையில் லாரி வரும். சைக்கிளைத் திருப்பினேன்.